செய்துங்கநல்லூர் தாண்டிட்டேன்பா

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. விடிஞ்சதுல இருந்தே மழை. வாழைக்குள்ள நின்ன தண்ணி வடிய வாய்க்கால் வெட்டிவிட்டுட்டு, சேத்துக் காலோடயே மகளை பைக்ல வச்சு நாசரேத் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் அவளுக்குச் சென்னையில ஆபீஸ். "ஒரு நாள் லீவு போடுளா"ன்னா அவ அம்மா. லீவு இல்லையாம். செந்தூர் எக்ஸ்பிரஸ் வந்துச்சு, ஏத்திவிட்டுட்டு வந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல போன். "எப்பா, ஸ்ரீவைகுண்டத்துல வண்டி நின்னுட்டு. எடுக்க மாட்டேங்காங்க."

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. மழைக்கெல்லாம் ரயிலை நிப்பாட்டுவாங்களான்னு போன்லயே சத்தம் போட்டேன். அப்புறம் கரண்ட் போச்சு, டவரும் போச்சு. ரெண்டு நாள் அவ குரலே இல்ல.

ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவுல, குளம் உடைஞ்சு வந்த வெள்ளம் தண்டவாளத்துக்கு அடியில கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வாரிட்டுப் போயிருந்துச்சு. தண்டவாளம் அந்தரத்துல தொங்குன படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த ராத்திரி வண்டியை நிப்பாட்டாம விட்டிருந்தா? உள்ள சுமார் 800 பேர். அதுல என் மகளும் ஒருத்தி.

1956 நவம்பர்ல அரியலூர் பக்கம் மருதையாத்துப் பாலத்துல வெள்ளம் அப்படித்தான் பண்ணுச்சு. நிப்பாட்ட ஆள் இல்லாம தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துக்குள்ள போச்சு. நூத்துக்கு மேல செத்தாங்க. ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டுட்டுப் போனாரு. எங்க அப்பா இந்தக் கதையை எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு. அன்னைக்குக் கோவத்துல அது ஞாபகத்துக்கே வரலை.

எங்க ஊர்ப் பக்கம் கேங்மேன் வேலை பார்த்து ரிட்டையர் ஆன அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. "ஜல்லியை சும்மா கொட்டிவச்சிருக்குன்னு நெனைக்காதீய, அதுதான் பிடிமானமே"ன்னாரு. நீளமா பத்தவச்ச தண்டவாளம் மே மாச மத்தியானத்துல விரியப் பார்க்கும். விரிய இடம் இல்லாம பக்கவாட்டுல நெளியும். நெளிய விடாம பிடிச்சுக்கிடுறது அந்த ஜல்லிதான். வெயில்ல காப்பாத்துறது வெள்ளத்துல மொதல்ல போயிருது. வரப்புல எலி வளை வழியா தண்ணி புகுந்தா என்ன ஆகும்னு சம்சாரிக்குச் சொல்ல வேண்டாம். மேல பார்த்தா வரப்பு இருக்கும், காலை வச்சா பொதுக்குன்னு இறங்கும்.

அன்னைக்குக் காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் பெய்திருக்கு. எங்க மாவட்டத்துக்கு ஒரு வருஷத்துக்கே அம்புட்டு மழை கிடையாது. திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை வந்து சரியா நூறாவது வருஷம் அது. குளத்துக்குக் கலுங்கு எம்புட்டு அகலம், ரயில் பாலத்துக்கு எத்தனை கண்ணுன்னு எல்லாமே ஏற்கெனவே பெய்த மழையை வச்சுப் போட்ட கணக்கு. மழை கணக்கை மாத்திருச்சு, கலுங்கும் கண்ணும் அப்படியேதான் இருக்கு. குளத்தைத் தூர்வாரச் சொல்லி நாங்க மனு குடுத்தா அது ஏதோ சம்சாரி பிரச்சனைன்னு நெனைக்காதீங்க. நீங்க ஏசி கோச்சுல தூங்கிட்டுப் போற பாதையும் அந்தக் குளத்துக் கரையை நம்பித்தான் இருக்கு.

மக அப்புறம் சொன்னதுல பாதி புதுக்குடிக்காரங்களைப் பத்தித்தான். தங்க வீட்டுக்குள்ளயே தண்ணி நிக்கும்போது, இருந்த அரிசியைப் போட்டு ரயில்காரங்களுக்குச் சோறு பொங்கிக் கொண்டுவந்திருக்காங்க. முன்னூறு பேர் மாதிரி பக்கத்துப் பள்ளிக்கூடத்துல, மிச்சப் பேர் ஸ்டேஷன்லயும் வண்டிக்குள்ளயும். ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டது அதுக்குப் பொறவுதான். 19-ம் தேதி தண்ணிக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போயி, பஸ்ல ஏத்தி, வாஞ்சி மணியாச்சியில இருந்து சிறப்பு ரயில்ல சென்னைக்கு அனுப்புனாங்க. இங்க கிட்டக்க இருக்கிற வீட்டுக்கு வர வழியில்ல, அத்தாந்தூரம் சென்னைக்குப் போயிட்டா.

பாதையைச் சரி பண்ணி எங்களுக்கு ரயில் விட ஜனவரி ஆயிட்டு. என் வாழை ஒண்ணும் மிஞ்சலை, அது தனிக் கதை.

இப்பவும் லீவு முடிஞ்சு போகும்போது நாந்தான் ஏத்திவிடுறேன். மழைக்காலம்னா வீட்டுக்கு வந்து போனைக் கையிலயே வச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்திருப்பேன். "செய்துங்கநல்லூர் தாண்டிட்டேன்பா, படுங்க"ம்பா. அதுக்கப்புறந்தான் பாயை விரிப்பேன்.