சிவந்த நீரும் தெளிந்த நீரும்



நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் கிணற்று நீரின் நிறத்தை எளிதில் மறக்க மாட்டார்கள். இறைக்கும்போது தெளிவாக இருக்கும் நீர், வாளியில் சிறிது நேரம் நின்றால் செந்நிறம் கொள்ளும். துவைத்த வெள்ளைச் சட்டை பழுப்பேறும். லயத்து வீடுகளின் தொட்டிகளில் காவிப் படிவம் ஒட்டியிருக்கும். 'தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே' என்று நம் முன்னோர் சொன்னாலும், இந்தச் சிவந்த நீரைப் பழிக்காத தோட்டத்துத் தாய்மார்கள் அரியர்!

ஆனால், பழிக்கப்பட வேண்டியது இந்த நீர்தானா? அதனைப் பற்றியே இன்று எழுத விழைகின்றேன்.

மழைநீர் மண்ணுள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிது அமிலத்தன்மை பெறுகின்றது. நம் செம்மண்ணில் இரும்பு மிகுதி. ஆழத்தில் காற்று இல்லாத இடங்களில் அந்த இரும்பு நிறமின்றி நீரில் கரைந்து கிடக்கும். வெளியே வந்து காற்றுப்பட்டதும் துருவாக மாறிச் சிவக்கும். கிளந்தான் மாநிலத்தின் குழாய் நீர் பெருமளவு நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகின்றது. அங்குள்ள மக்களின் நீண்டகால முறையீடும் இதே இரும்பைப் பற்றியதுதான். குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டின் தரம். அந்த வரம்பு பெரும்பாலும் சுவைக்காகவும் கறைக்காகவும் வைக்கப்பட்டது.

இதனை வகுப்பில் காட்டுவது மிக எளிது. சிவக்கும் கிணற்று நீரைப் பாட்டிலில் அரைவாசி நிரப்பிக் குலுக்கச் சொல்வேன். ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் மணல் வழியே வடித்தால் இரும்பில் பெரும்பகுதி தங்கிவிடும். வடிக்காத நீரில் கடுந்தேநீரைச் சிறிது ஊற்றினால் கருமை படரும். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது. மாணவர்கள் இதனை மாயவித்தை போல் இரசிப்பார்கள்!

இனி, தெளிந்த நீருக்கு வருவோம். என் மாணவி ஒருத்தி பல நாள் பள்ளிக்கு வராததால் அவள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவள் வீட்டில் நான்கு மாதக் குழந்தை. தாய்ப்பால் போதாமல் புட்டிப்பாலும் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். பாட்டி பெருமையோடு சொன்னார்: "மேல் கிணத்துத் தண்ணி செவப்பு, டீச்சர். அத நாங்க தொடறதில்ல. கீழ் கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். நல்லா கொதிக்க வெச்சுத்தான் புள்ளைக்குப் பால் கலக்குறோம்."

அந்தக் கீழ்க் கிணற்றைப் போய்ப் பார்த்தேன். அதற்கு மேலே சரிவில் உரக் கொட்டகை. பிய்ந்த உர மூட்டைகள் வெளியே மழையில் கிடந்தன. பக்கத்திலேயே ஒரு மாட்டுக் கொட்டகை. மறுநாள், மீன்தொட்டிகளுக்காகக் கடையில் விற்கும் நைட்ரேட் சோதனைத் தாள்களை வாங்கிச் சென்று இரு கிணறுகளிலும் நனைத்தோம். சிவந்த நீரில் தாள் ஏறத்தாழ மாறவே இல்லை. கண்ணாடி போன்ற நீரில் அழுத்தமான இளஞ்சிவப்பு!

இதில் வியப்பில்லை. செம்பனைக்கும் ரப்பருக்கும் இடும் யூரியாவையும் அமோனியம் சல்பேட்டையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வேர் உறிஞ்சாமல் விட்டதை மழை கீழே இறக்கும். மாட்டுச் சாணமும் மலக்குழியும் இதையே செய்யும். இரும்பு கரைந்துள்ள நீரிலோ ஆக்சிஜன் இராது. அத்தகைய இடத்தில் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக்கி விடுகின்றன. ஆகவே, நாம் வெறுக்கும் சிவப்பு, பல வேளைகளில் நைட்ரேட் குறைவு என்பதன் அறிகுறியாகவும் அமையலாம். கிருமி இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமுமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என வரம்பு வைத்திருப்பது முதன்மையாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்காகவே. அவர்களின் உடலில் அது இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கின்றது. உதடும் நகமும் நீலம் பூக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

"அப்போ, நாப்பது வருஷமா இத குடிச்ச எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவர்களின் உடல் தாங்குவதைப் பச்சிளங்குழந்தையின் உடல் தாங்காது என்று விளக்கினேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேரனை அனுப்பி, சாலையோரக் குழாயிலிருந்து ஒரு தோம்பு நீர் பிடித்து வரச் செய்தார். குழந்தையைக் கிளினிக்கிற்கும் அழைத்துச் சென்று காட்டினார்கள், நலமாக இருந்தது. மீன்தொட்டித் தாள் ஒரு குறிப்பைத்தான் தரும். ஆதலால் முறையான ஆய்வு வேண்டிப் பெற்றோர் சிலர் சேர்ந்து சுகாதார அலுவலகத்தில் மனு கொடுத்தனர். கொட்டகையை இடம் மாற்றும்படி நிருவாகத்திற்கும் எழுதினோம். அதற்கு இன்னும் பதில் இல்லை.

பாறை தரும் கேடும் உண்டு, மனிதன் தரும் கேடும் உண்டு. தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்தே புளோரைடு நிலத்தடி நீரில் கலந்து, பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதன் காரணம் அதுவே. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய நீரே வாழ்வு. அங்கே வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் மிகுதியாக இட்ட உரம் கிணறுகளில் நைட்ரேட்டாக வந்து சேர்ந்தது. நம் தோட்டத்துக் கதையும் இதற்கு உறவுதான்.

நம் மாநிலத்திற்கு இன்னொரு பாடமும் உண்டு. ஜெலுபு, தித்தி வட்டாரங்களில் ஈயம் எடுத்த காலத்தை ஈயக்குட்டைகள் இன்றும் நினைவூட்டுகின்றன. ஈயம் அரித்தபின் எஞ்சும் 'அமாங்' மணலில் மோனசைட் போன்ற கனிமங்கள் உண்டு. அவற்றில் அரிய மண் தனிமங்களோடு கதிரியக்கத் தோரியமும் கலந்திருக்கும். பேராக், புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கிய அரிய மண் ஆலை, மக்களின் நீண்ட எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின்னர் 1994-இல் மூடப்பட்டதை மூத்த ஆசிரியர்கள் அறிவர்.

இப்பொழுது களிமண்ணில் ஒட்டியிருக்கும் அரிய மண் தனிமங்களைப் பற்றிப் பேசுகின்றனர். மலையைத் தோண்டாமல், துளையிட்டு உப்புக் கரைசலைச் செலுத்தி அவற்றைக் கழற்றி எடுக்கின்றனர். பேராக், கெனெரிங்கில் அத்தகைய முன்னோடித் திட்டம் நடைபெற்றது. அந்த உப்பு எது தெரியுமா? அமோனியம் சல்பேட்! நம் பெற்றோர் மரத்தடிகளில் தூவிய அதே உரம். கைப்பேசிக்கும் மின்வண்டிக்கும் இக்கனிமங்கள் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. செலுத்திய கரைசல் முழுவதும் திரும்ப எடுக்கப்படுகின்றதா, எஞ்சியது யார் கிணற்றுக்குப் போகும் என்று கேட்கும் அறிவு நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்கின்றேன்.

ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களைக் கொண்டு தத்தம் வீட்டுக் கிணறுகளின் வரைபடம் ஒன்றை வரையச் செய்யுங்கள். மேட்டில் என்ன இருக்கின்றது, பள்ளத்தில் என்ன இருக்கின்றது என்று குறிக்கட்டும். பெற்றோர்களே, கைக்குழந்தைக்குக் கிணற்று நீரில் பால் கலக்க வேண்டாம். நிறத்தைக் கண்டு நீரை நம்பவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம், ஆய்வு கேளுங்கள். கேட்பது நம் உரிமை.