ஆடாத ஆட்டம்

'விளையாட்டில் அரசியலைக் கலக்கலாகாது' என்று சொல்லுவார் பலர். நம் சங்கத்து மூத்த அண்ணன் ஒருவர் இதையே தமக்குரிய முறையில், "தம்பி, நீ பந்து போடப் போகிறாயா, பஞ்சாயத்துப் பண்ணப் போகிறாயா?" என்று கேட்பார். பள்ளியில் ஆறு ஆண்டும் இங்கு வந்து மூன்று ஆண்டும் கூடைப்பந்து ஆடியவன் நான். அவர் சொல்லில் உள்ள நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. களத்தில் இறங்கிவிட்டால் தேர்வுக் கவலையும் மறந்துபோகும், வீட்டுக் கவலையும் மறந்துபோகும். எதிரே கூடை, கையிலே பந்து. உலகம் அவ்வளவில் அடங்கிவிடும். அந்த இன்பத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் ஆடுகிறவனும் ஒரு மனிதன் அல்லவா? தெருவில் அவனுக்கு நேர்ந்த அவமதிப்பைச் செருப்போடு சேர்த்துக் களத்துக்கு வெளியே கழற்றி வைத்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு விடை அளித்தார்கள். அந்த விடையில் எல்லாரும் பாராட்டும் பகுதி ஒன்று. எல்லாரும் மறந்துவிடும் பகுதி மற்றொன்று. மறந்துவிடும் பகுதிக்காகவே இதை எழுதுகிறேன்.

கொரோனா நோய் பரவிய ஆண்டு அது. என்.பி.ஏ. என்று வழங்கும் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் மார்ச் 11-ஆம் தேதி தன் ஆட்டங்களை நிறுத்தியது. பின்னர் 22 குழுக்களை மட்டும் புளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகருக்கு அருகே டிஸ்னி கேளிக்கை நகரில் தங்கவைத்து, வெளியார் புகாதபடி காவலிட்டு, ஜூலை 30 முதல் ஆட்டங்களை மீண்டும் நடத்தியது. 'குமிழி' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். அரங்கில் கூட்டமில்லை, கைதட்டும் ஒலிகூட இயந்திரத்திலிருந்து வந்தது.

அதற்கு முன்பே, மே 25-ஆம் தேதி, மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்னும் கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்ற செய்தி நாட்டையே உலுக்கியிருந்தது. இந்த வேளையில் ஆடுவது தகுமா என்று வீரர்கள் பலர் தயங்கினர். கறுப்பர் உயிரும் மதிப்புடையதே என்னும் முழக்கத்தை ஆட்டத் தளத்தில் எழுதவும், நீதி கோரும் சொற்களைச் சட்டையின் முதுகில் பொறித்துக்கொள்ளவும் சங்கம் இசைந்தது. அதன்பின் ஆடினர்.

ஆகஸ்டு 23-ஆம் தேதி விஸ்கான்ஸின் மாநிலத்தில் கெனோஷா என்னும் ஊரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் பின்புறமிருந்து ஏழு முறை சுட்டார். அவருடைய பிள்ளைகள் காருக்குள் இருந்தார்கள். உயிர் பிழைத்தார், கால்கள் இயங்கவில்லை. கெனோஷாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 மைல் சென்றால் மில்வாக்கி நகரம். அந்த நகரத்தின் குழுதான் மில்வாக்கி பக்ஸ்.

அந்த ஆண்டு எல்லாக் குழுக்களிலும் மிகுதியான வெற்றி பெற்றிருந்த குழு அது. பிளே-ஆப் எனப்படும் இறுதிக்கட்டப் போட்டியில் ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வென்றவரே அடுத்த சுற்றுக்குச் செல்வர். முதற்சுற்றில் ஒர்லாண்டோ மாஜிக் குழுவை எதிர்த்து பக்ஸ் குழுவினர் மூன்று ஆட்டங்கள் வென்றிருந்தனர், ஒன்று தோற்றிருந்தனர். ஆகஸ்டு 26-ஆம் தேதி மாலை ஐந்தாவது ஆட்டம். மாஜிக் குழுவினர் களத்துக்கு வந்து பந்து எறிந்து உடலைப் பழக்கிக்கொண்டிருந்தனர். நேரம் நெருங்கியது. பக்ஸ் குழுவினர் வரவில்லை. உடைமாற்றும் அறையின் கதவு மூடியே இருந்தது.

அந்த அறைக்குள் அவர்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தார்கள். சினம் தணியட்டும் என்று உட்கார்ந்திருந்தார்களா? இல்லை. விஸ்கான்ஸின் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரையும் துணை ஆளுநரையும் தொலைபேசியில் அழைத்து, இனி என்ன செய்ய இயலும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னர் வெளியே வந்து ஓர் அறிக்கை படித்தனர். பல மாதங்களாகச் செயலற்றிருந்த மாநிலச் சட்டமன்றம் கூடிக் காவல் துறையைப் பொறுப்புள்ளதாக்கச் சட்டம் செய்யவேண்டும் என்பது அதன் சாரம். படித்தவர்கள் இருவர்: ஜார்ஜ் ஹில், ஸ்டெர்லிங் பிரௌன். இந்தப் பிரௌன் 2018 ஜனவரியில் மில்வாக்கியில் காரை முறைதவறி நிறுத்தினார் என்பதற்காகப் போலீஸாரால் தரையில் தள்ளப்பட்டு, மின்னதிர்ச்சிக் கருவியால் தாக்கப்பட்டவர். அவருடைய உரிமை மீறப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டு 7,50,000 டாலர் தர நகராட்சி இசைந்தது 2021-ஆம் ஆண்டில். ஆக, அறிக்கை படித்தவர் பிறர் துன்பத்தைப் பேசவந்த பெரிய மனிதர் அல்லர். தம் துன்பத்தையும் சேர்த்தே பேசினார்.

இதுவரை சொன்னது எல்லாரும் பாராட்டும் பகுதி. இனி மற்றொன்று.

பக்ஸ் குழு வராததால் விதிப்படி மாஜிக் குழுவுக்கு வெற்றி கிடைத்திருக்கும். வியர்வை சிந்தாமல் ஒரு வெற்றி. இன்னும் ஓர் ஆட்டம் தோற்றால் வீடு திரும்பவேண்டிய குழு அது. அந்த வெற்றி அவர்களுக்குப் பாலைவனத்தில் கிடைத்த தண்ணீர். ஆனால் அவர்கள் களத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த வெற்றி எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அன்று நடக்கவிருந்த மற்ற இரண்டு ஆட்டங்களும் நின்றன. அதே புளோரிடாவில் வேறோர் ஊரில் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் கூடைப்பந்துக் குழுக்களும் அன்றைய மூன்று ஆட்டங்களையும் ஆடவில்லை. மில்வாக்கி நகரத்துப் பேஸ்பால் குழு ஆடவில்லை. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா மறுநாள் அரை இறுதி ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று அறிவித்தார். ஆகஸ்டு 29-இல் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. மாஜிக் குழு அன்று ஆடித் தோற்று வீடு திரும்பியது. வேண்டாம் என்று தள்ளிய வெற்றி திரும்பி வரவில்லை.

இதன் அருமை பழைய வரலாற்றைப் பார்த்தால்தான் விளங்கும். என்.பி.ஏ. ஆட்டமொன்றில் முதல் கறுப்பின வீரராக ஏர்ல் லாயிட் களமிறங்கியது 1950-ஆம் ஆண்டு. ஒன்பது ஆண்டு கழித்து, 1959 ஜனவரியில், மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில் மின்னியாபொலிஸ் லேக்கர்ஸ் குழுவின் கறுப்பினத்தவருக்கு ஒரு ஓட்டல் இடம் தர மறுத்தது. குழுவின் பெருந்தூணான எல்ஜின் பேய்லர் அன்று ஆட மறுத்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் நிற்கவில்லை. அவர் இல்லாமல் ஆடிய லேக்கர்ஸ் தோற்றனர்.

1961 அக்டோபரில் கென்டகி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் இரு வீரர்களுக்கு ஓட்டல் சிற்றுண்டிச் சாலையில் உணவு மறுக்கப்பட்டது. பில் ரஸ்ஸலும் குழுவின் மற்றக் கறுப்பின வீரர்களும் அன்றே ஊர் திரும்பினர். எதிர்க்குழுவான செயின்ட் லூயி ஹாக்ஸின் கறுப்பின வீரர் இருவரும் ஆடவில்லை. ஆயினும் ஆட்டம் நடந்தது. இரண்டு பக்கமும் வெள்ளையர் மட்டும் நின்று, சீட்டு வாங்கியவர்களுக்குக் குறையில்லாமல் ஆடி முடித்தார்கள். கூடவே உண்டு, உறங்கி, ஊர் ஊராகச் சுற்றிய தோழன் பசியோடு விமானம் ஏறியபோது இவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

1959-இல் ஒருவர் உட்கார்ந்தார். 1961-இல் கறுப்பினத்தவர் மட்டும் வெளியேறினர். 2020-இல்தான், ஆதாயம் பெறக்கூடிய எதிரிக்குழுவும் சேர்ந்து நின்றது. அன்றுதான் ஆட்டமும் நின்றது. அப்பொழுது 86 வயதான பில் ரஸ்ஸல், 1961-இல் தாம் வெளியேறியதை நினைவுகூர்ந்து, இந்த இளைஞர்களைக் கண்டு பெருமை கொள்வதாக எழுதினார். அவர் 2022-இல் மறைந்தார். மறைவதற்கு முன் அந்தக் காட்சியைக் கண்டுவிட்டார் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு விடுதிகளுக்கிடையே நடந்த போட்டியில் எங்கள் விடுதி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எங்கள் களத்தைப் பெருக்கி, கிழிந்த வலையைத் தைத்து, விளக்குப் போடும் முதியவர் ஒருவர் உண்டு. 'சாச்சா' என்றே எல்லாரும் அழைப்போம். அவருக்குக் காண்டிராக்டர் மூன்று மாதக் கூலி தரவில்லை என்று தெரியவந்தது. கூலி வரும்வரை ஆடுவதில்லை என்றார் எங்களுள் ஒருவர். அன்றிரவு விடுதி மாடியில் பெரிய விவாதம். "இது என் கடைசி ஆண்டு, இனி எனக்கு ஏது இறுதி ஆட்டம்?" என்றார் ஒருவர். "நாம் ஆடாவிட்டால் காண்டிராக்டருக்கு என்ன நஷ்டம்?" என்றார் மற்றொருவர். இரண்டும் நல்ல கேள்விகள். எங்களை வாட்டியது மூன்றாவது கேள்வி: நாம் வராவிட்டால் எதிர்விடுதிக்காரர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே, பிறகு யார் நம்மைக் கேட்பார்?

மறுநாள் அவர்களுடைய தலைவரைப் பார்க்கப் போனோம். அரியானாப் பக்கத்து இளைஞர். முழுவதும் கேட்டார். "ஆடாமல் வாங்கிய கோப்பையை எங்கள் ஊரில் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போக முடியாது" என்றார். கூலி எந்தத் தேதிக்குள் வரும், இனி மாதாமாதம் ரசீது உண்டா என்ற இரண்டே கேள்விகளோடு நாங்கள் எழுதியிருந்த கடிதத்தில் அவர் கையெழுத்திட்டார். இரண்டு குழுவின் பெயரும் ஒரே தாளில் இருந்ததால்தான் அந்தக் கடிதம் மேசையிலிருந்து மேசைக்கு நகர்ந்தது. பத்து நாளில் இரண்டு மாதக் கூலி வந்தது. மூன்றாவது மாதத்துக்காக இன்னும் நடக்கிறோம். ஆட்டம் தள்ளி நடந்தது. நாங்கள் தோற்றோம்.

எங்கள் சிறு காரியத்தை அவர்களுடைய பெருஞ்செயலோடு ஒப்பிடவில்லை. அவர்கள் முன் நின்றது உயிரின் கேள்வி. மேலும், வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற ஒப்பந்தத்துக்கு உட்பட்டவர்கள் அவர்கள்; அதை மீறித்தான் அறைக்கதவைச் சாத்தினார்கள்.

"மூன்று நாளில் திரும்பிவந்துவிட்டார்களே, என்ன சாதித்தார்கள்?" என்று கேட்பவர் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். ஆட்டங்கள் மீண்டும் தொடங்குமுன் சங்கத்துக்கும் வீரர்களுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. குழு முதலாளிகளுக்குச் சொந்தமான அரங்குகளை 2020 நவம்பர்த் தேர்தலுக்கு வாக்குச்சாவடி முதலான பணிகளுக்குத் திறந்துவிட முயல்வது என்றும், சமூக நீதிக்கென ஒரு கூட்டமைப்பு அமைப்பது என்றும் முடிவாயிற்று. பல நகரங்களில் மக்கள் கூடைப்பந்து அரங்குகளில் வரிசையில் நின்று வாக்களித்தனர். இது வரவு.

செலவுப் பக்கமும் உண்டு. ஆகஸ்டு 31-ஆம் தேதி கூடிய விஸ்கான்ஸின் சட்டமன்றச் சிறப்புக் கூட்டம் ஒரு விவாதமும் இல்லாமல் நொடிப்பொழுதில் கலைந்தது. 2021 ஜனவரியில், பிளேக்கிடம் கத்தி இருந்தது, போலீஸ்காரர் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொல்வதைப் பொய்யென்று நிரூபிக்க இயலாது என்று கூறி, அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்தார். பக்ஸ் குழு அடுத்த சுற்றிலேயே தோற்றது. 1971-க்குப் பின் அவர்கள் கோப்பையை வென்றது 2021-இல்தான். கதவைச் சாத்திய மறுநாளே நீதி வந்து கதவைத் தட்டிவிடவில்லை.

ஆனாலும் ஒன்று நிலைத்துவிட்டது. நீதி கேட்டு ஒருவன் விலகி நிற்கும்போது அவனுடைய இடத்தை நிரப்ப ஆள் இருக்குமானால், அவன் தியாகம் அவனோடு போய்விடும். நிரப்ப வேண்டியவன் 'மாட்டேன்' என்று சொன்னால்தான் உலகம் நின்று, என்ன செய்தி என்று கேட்கும். முன்னவனுக்குத் துணிவு வேண்டும். பின்னவனுக்குத் துணிவோடு, கைக்கு வந்த ஆதாயத்தை விடும் மனமும் வேண்டும். பின்னவன் பெயரைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதுவதில்லை.

நாம் எல்லாரும் பில் ரஸ்ஸல் ஆக முடியாது. ஆனால் நாளை அலுவலகத்திலோ ஆலையிலோ ஆய்வுக்கூடத்திலோ, வேறொருவர் நியாயத்துக்காக எழுந்து சென்ற நாற்காலியில் உட்காரும்படி நம்மை அழைக்கும் வேளை வரும். நம்மில் பெரும்பாலோர்க்கு வரக்கூடிய சோதனை அதுதான். அப்பொழுது ஒர்லாண்டோ குழுவை நினைத்துக்கொள்வோம்.