பதினாறு அங்குல வாய்

ஒரு வாட் மின்சாரம் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் சாதாரண வீட்டு ஸ்பீக்கர் 88 டெசிபல் போல ஒலிக்கும். கோயில் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டுகிற அலுமினியக் குழாய் 106-ஐத் தொடும். பார்வைக்கு 18தான் வித்தியாசம். டெசிபல் கணக்கில் அது 63 மடங்கு. குழாய் ஒரு வாட்டில் முடிக்கிற வேலைக்கு வீட்டு ஸ்பீக்கர் 63 வாட் கேட்கும். கடலூரில் என் மாடியறையில் மூன்று வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு நான் குழாய் ஸ்பீக்கர் கட்ட இறங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான். இறங்கியதும் ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. என்னிடம் இருந்த இரண்டு குழாய்களுக்கும் வாய் 16 அங்குலம். அந்த 16-ஐ முடிவு செய்தது யார்?

குழாய்களைக் கொடுத்தவர் சிதம்பரத்தில் மைக் செட் தொழில் பார்த்த ஓர் அண்ணன். முதலில் அவரிடமே கேட்டேன். "எங்கப்பா காலத்துலேருந்து இதான் சைஸு தம்பி. இதவிடப் பெருசுன்னா மரத்துல ஏத்த முடியாது. சின்னதுன்னா பேச்சு வெளங்காது." யோசித்துப் பார்த்தால் இதுவே பாதி விடை. ஆனால் "எங்கப்பா காலம்" என்பதற்குப் பின்னால் போக வேண்டும் என்று எனக்கு அரிப்பு.

என் சந்தேகம் நாகஸ்வரத்தின் மேல்தான். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரம் தேர் வீதிகளில் மல்லாரி கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. ஒரு மனிதரின் மூச்சு, ஒரு சீவாளி, கீழே விரிந்த அணசு. மின்சாரம் கிடையாது, வீதி நிறைந்துவிடுகிறது. கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் இதைக் கடைகிறார்கள்; 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குட்டையான திமிரி உயர்ந்த சுருதியில் வீதிக்காகப் பேசும். நீளமான பாரியின் சுருதி தாழ்ந்தது. அதை மேடையில் நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நீளம் கூடினால் ஒலி கீழே இறங்கும் என்பது என் அலுமினியத்துக்கும் பொருந்துகிற விதிதான்.

உறவு அந்த அளவோடு சரி. நாகஸ்வரத்தின் உள்துளை ஏறத்தாழ நேர்க்கோட்டில் விரிகிறது. என் குழாயின் நடுத் துண்டைக் கழற்றி, காலிப்பர் வைத்து இடைவெளி விட்டு உள்விட்டம் எடுத்து, பரப்பைக் கணக்கிட்டு கிராஃப் தாளில் குறித்தேன். கோடு நேராக வரவில்லை. தொடக்கத்தில் சோம்பலாக விரிந்து, வாயை நெருங்க நெருங்க அவசரப்படுகிறது. குறிப்பிட்ட தூரம் போனால் பரப்பு இரண்டு மடங்கு, அதே தூரம் இன்னும் போனால் நான்கு மடங்கு, பிறகு எட்டு. கூட்டு வட்டி மாதிரி ஏறுகிற இந்த வளைவு மரக் கடைசல்காரரின் கண்மதிப்பில் வந்ததல்ல. யாரோ காகிதத்தில் போட்டது.

அந்தக் காகிதத்துக்கு வருஷம் உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர், குழாய்க்குள் ஒலி நகரும் விதத்துக்கான சமன்பாட்டை 1919-இல் வெளியிட்டார். 1924-இல் ஹன்னா, ஸ்லீபியன் என்ற இரண்டு பொறியாளர்கள் அதிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஏற்ற வளைவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். விஷயம் இதுதான்: திறந்தவெளியில் அதிரும் சிறிய தகடு காற்றைத் தள்ளுவதில்லை, காற்று பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. செலவழித்த சக்தியில் நூற்றில் ஒரு பங்கு ஒலியானால் அதிகம். குழாயின் குறுகிய தொண்டையில் காற்று நழுவ இடமில்லாமல் தகட்டுக்குப் பிடிகொடுக்கிறது. பிறகு மெல்ல மெல்ல வெளிக்காற்றோடு இணைகிறது. நல்ல குழாயில் நூற்றுக்கு இருபது, முப்பது என்று கிடைப்பது இதனால்தான்.

கணக்கை என் குழாய்க்குப் போட்டேன். 300 ஹெர்ட்ஸிலிருந்து மேலே தெளிவாக ஒலிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 6.3 சென்டிமீட்டருக்கு ஒருமுறை பரப்பு இரட்டிக்க வேண்டும். தொண்டை ஓர் அங்குலம், வாய் 16 அங்குலம். விட்டம் 16 மடங்கானால் பரப்பு 256 மடங்கு. அதாவது எட்டு முறை இரட்டிப்பு, மொத்த நீளம் அரை மீட்டர். வாய்க்கும் ஒரு விதி உண்டு. தன் வாய்ச் சுற்றளவைவிட நீண்ட அலையைக் குழாய் ஒழுங்காக வெளியே விடாது. வாய்வரை வந்த அலை பாதி உள்ளேயே திரும்பிவிடும். 16 அங்குல வாயின் சுற்றளவு 1.28 மீட்டர், 270 ஹெர்ட்ஸ் அலையின் நீளமும் அவ்வளவுதான். ஆக, 16 அங்குலம் என்றால் 270 ஹெர்ட்ஸிலிருந்து மேலே. பாட்டுக்கு இது போதாது. தவிலின் அடிக்கனப் பக்கமான தொப்பி வராது, ஆண் குரலின் அடிக்கனம் வராது. பேச்சுக்குத் தாராளமாகப் போதும். உலகம் முழுக்க டெலிபோன் கம்பியில் அனுப்பிய குரலின் எல்லையே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்தான்.

டெலிபோன் என்ற இடத்தில் நூல் கையில் கிடைத்தது. கலிபோர்னியாவின் நாபா ஊரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள் அசையும் ஒரு கருவி செய்தார்கள். டெலிபோனில் காதில் வைக்கிற பகுதியாக அதை விற்கப் பார்த்தார்கள், விலை போகவில்லை. பிறகு அதன்மேல் கிராமபோன் குழாயைப் பொருத்திப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்தது 1915-இன் மேக்னவாக்ஸ் ஒலிபெருக்கி. 1919 செப்டம்பரில் சான் டியாகோ மைதானத்தில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் ஏறக்குறைய 50,000 பேருக்குப் பேசியது அந்தக் கருவியில்தான். 1926-இல் பேசும் படத்துக்காக வெளிவந்த புகழ்பெற்ற 555 யூனிட்டைச் (குழாயின் தொண்டையில் பொருத்துகிற, ஒலி எழுப்பும் பகுதி) செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கும் டெலிபோன் நிறுவனத்தின் தொழிற்சாலைதான். அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயர் கொடுத்ததோ சில வாட். குழாய் இல்லாமல் அந்தச் சில வாட்டை வைத்து ஒரு கொட்டகையை நிரப்பவே முடியாது. நம் ஊர் மரத்தில் தொங்குவது, சுருக்கமாகச் சொன்னால், வாய் பெருத்த டெலிபோன்.

அது இங்கே வந்த வழியும் பேச்சு வழிதான். 1909-இல் தொடங்கிய மோட்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ, காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்தது. நேரு பேசும் பழைய படங்களில் மைக்கில் அந்தப் பெயர் தெரியும். அஹுஜா 1940-இல் தொடங்கியது. அரை மீட்டர் நீளத்தை மூன்றாக மடித்துச் சுருக்கியதால் மழைநீர் யூனிட்டுக்குள் இறங்காது, ஒரு கையில் தூக்கிக்கொண்டு மரம் ஏறலாம். மஞ்சக்குப்பம் மைதானத்துப் பொதுக்கூட்டத்துக்கும் கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கல்யாண வீட்டுக்கும் ஒரே குழாய். பேச்சுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையில் சீர்காழி கோவிந்தராஜனையும் எல்.ஆர். ஈஸ்வரியையும் நுழைத்துத்தான் மூன்று தலைமுறை பாட்டுக் கேட்டது. அந்தக் குரல்கள் அதில் எடுபட்டன என்பது வேறு விஷயம். இரண்டும் மேல்ஸ்தாயியில் நின்று விளையாடுகிற குரல்கள்.

சிதம்பரத்து அண்ணனிடம் இந்த டெலிபோன் கதையைச் சொன்னபோது அவர் பெரிதாக அசையவில்லை. "வாட்ஸ் எல்லாம் அப்புறம் தம்பி. காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துக் கட்டணும்" என்றார். சரியான பேச்சு. காற்று போகும் திசையில் ஒலி தரையை நோக்கி வளையும். எதிர்த்துப் போனால் வானத்துக்குப் போய்விடும். மார்கழி விடியலில் வயலை ஒட்டிக் குளிர்காற்றும் அதற்குமேல் சற்றுச் சூடான காற்றும் படிந்திருக்கும். அப்போதும் ஒலி கீழே வளையும். அடுத்த ஊர்த் திருப்பாவை நம் வாசலில் கேட்பது அதனால்தான்.

பேச்சுக்கு மட்டும் என்ற அந்த அளவு எதற்கு உதவும் என்பது 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு மீனவர் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையமும் ஊருக்குப் பொதுவான ஒலிபெருக்கியும் அங்கே இருந்தன. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறக்குறைய 3,600 பேர் வெளியேறித் தப்பினார்கள். போனில் வந்த சேதியைக் குழாய் ஊருக்குச் சொன்னது.

இன்று விநாயகர் சதுர்த்திக்குக் காவல்துறை தரும் நிபந்தனைகளில் கூம்பு வடிவக் குழாய்க்கு இடமில்லை, பாக்ஸ் ஸ்பீக்கர்தான். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்காரனாக அதை ஆதரிக்கிறேன். ஆனால் பழி முழுவதையும் குழாய்மேல் போடுவது நியாயமில்லை. ஐந்து வாட்டில் ஊரைக் கூட்டும் யூனிட்டுக்கு நூறு வாட்டை முறுக்கி, கிழிந்த ஒலியை 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், காது அதிகம் உணரும் இடத்தில், கொட்டியது யார்?

என் வேலைக்கு வருகிறேன். கடலூர் உப்புக்காற்று யூனிட்டின் காந்த இடுக்கில் துருப்பொடியாகப் படிந்திருந்தது. டயாபிரத்தை எடுத்துவிட்டு, ஒட்டும் டேப்பை மடித்து அந்த மெல்லிய இடுக்கில் விட்டு விட்டு எடுத்தால் கருப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். டேப் சுத்தமாக வரும்வரை நிறுத்தக் கூடாது. அலுமினியத்தைச் சுண்டினால் மணி மாதிரி ரீங்காரம். வெளிப்புறம் முழுக்க எம்-சீல் அப்பினேன். இப்போது சுண்டினால் மரப்பலகைச் சத்தம்தான். பாதிக் கரகரப்பு அதோடு போனது.

அடிக்கனத்துக்குத் தனிக் குழாய் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் வாய் விட்டம் 2.2 மீட்டர், என் அறைக்கதவைவிடப் பெரிது. இதற்கு வழி சொன்னவர் பால் கிளிப்ஷ். 1941-இல் எழுதிய கட்டுரையில் அறையின் மூலையையே குழாயின் தொடர்ச்சியாக்கினார். இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் வைத்தால் வாய்ப் பரப்பு எட்டில் ஒரு பங்கு போதும், அரை சதுர மீட்டருக்குள். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், 12 அங்குல ஸ்பீக்கருக்கு முன்னால் 250 சதுர சென்டிமீட்டர் தொண்டை வைத்து, 38 சென்டிமீட்டருக்கு ஒருமுறை இரட்டிக்கும் 1.6 மீட்டர் பாதையை மூன்றாக மடித்தேன். 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பழைய அலுமினியக் குழாய் எடுத்துக்கொள்ளும்.

கேட்டுப் பார்க்க அண்ணனைக் கூப்பிட்டேன். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டுதான் ஆசை. ஆனால் அந்தக் காலத் தட்டிலேயே அடிக்கனம் கிடையாது என்பதால் புதிய தவில் பதிவு ஒன்றைப் போட்டேன். தனி ஆவர்த்தனம் முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். "தொப்பி நல்லா வருது" என்றார். பிறகு எழுந்து பிளைவுட் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை.

"இத எந்த மரத்துல கட்டுவ?"