இளகும் பனி

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் முன்பனி, பின்பனி என்னும் இரண்டும் பனியின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆயினும், நாம் அறிந்த பனி புல்நுனியில் துளியாய்த் தங்கிக் கதிரவனைக் கண்டதும் மறைவது. இமயத்துப் பனியோ ஆளுயரத்திற்கும் மேலாகப் படிந்து, மாதக்கணக்கில் மலையை மூடிக் கிடப்பது. நம் பனி வெயிலுக்கு அஞ்சும். அப்பனியோ வெயில் ஏறியபின் மக்களை அஞ்சச் செய்யும்.

இவ்வுண்மையை நான் ஏடுகளில் கற்றிலேன்; பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பத்ரிநாத் சென்ற வழியிலேயே கற்றேன். அது சித்திரைத் திங்களின் இறுதி. கோயில் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அனுமன்சட்டி என்னும் ஊரைக் கடந்ததும், வெட்டி ஒதுக்கிய பனி சாலையோரத்தில் மதில்போல் நின்றது. உச்சிப்பொழுதின் வெயில் இதமாக இருந்தது. வண்டியோட்டி ஒரு செங்குத்தான சரிவின் கீழே வண்டியை நிறுத்த முற்பட்டார். சாலையைச் செப்பனிடும் முதிய தொழிலாளி ஒருவர் மண்வெட்டியை உயர்த்திக் கூவி, எங்களை விரைந்து போகச் செய்தார். சற்றுத் தொலைவில் வண்டி நின்றபின், நடந்து வந்த அவரிடம் காரணம் கேட்டோம். இந்தி அறிந்த நண்பர் அவர் மொழியை எனக்கு விளக்கினார்: "பெரியவரே, இந்தப் பனி காலையில் கல், உச்சிப்பொழுதில் கூழ். கூழ் எப்பொழுது வழியும் என்று யாரால் சொல்ல முடியும்?"

அவர் சொல்லின் பொருளைப் பின்னர் ஆராய்ந்து தெளிந்தேன். மலைமேல் உள்ள பனி ஒரே நாளில் படிந்ததன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. அடுக்குகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும்வரை சரிவு நிலைத்து நிற்கும். இளவேனில் வெயிலில் மேற்பனி உருகி, நீர் உள்ளே இறங்குகிறது. இறுகிய அடுக்கு ஒன்று இடையே தடுத்தால், நீர் அங்கே தேங்குகிறது. பனித்துகள்களைப் பிணித்திருந்த கட்டுத் தளர்கிறது. அதன்பின் ஒருவர் காலடி பட்டாலே மலைச்சரிவு முழுதும் பெயர்ந்து வரக்கூடும்; சில வேளைகளில் அக்காலடியும் வேண்டுவதில்லை. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே பனிச்சரிவு மிகுதி.

ஈரப்பனி உலர்பனியைப்போல் விரைந்து பாய்வதில்லை. ஆனால், அதன் எடை பெரிது. புதிதாகப் பெய்த உலர்பனி ஒரு கனமீட்டருக்கு 100 கிலோகிராம் அளவினது. சரிந்து குவிந்த ஈரப்பனியோ 500 கிலோகிராமுக்கும் மேற்படலாம். நின்றவுடன் அது இறுகிவிடுவதால், உள்ளே அகப்பட்டவர் விரலை அசைப்பதும் அரிது. கால் மணி நேரத்திற்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்; அதன்பின் நம்பிக்கை விரைந்து குறைகிறது.

இரவில் வானம் தெளிந்திருந்தால், பனி தன் வெப்பத்தை வெளியே விடுத்து மீண்டும் உறைகிறது. ஆதலின், மலையேறுவோர் இருளிலேயே புறப்பட்டு, வெயில் வலுக்குமுன் திரும்பிவிடுகின்றனர். கிழக்கு நோக்கிய சரிவு முதலில் இளகும், அடுத்துத் தெற்கு, பிற்பகலில் மேற்கு. இரவில் முகில் மூடியிருந்தாலோ, பனிமேல் மழை பெய்தாலோ விடியலையும் நம்புதல் ஆகாது. கால் முழங்கால் அளவு புதைவதும், பனியுருண்டைகள் தாமே உருண்டு வருவதும் மலை விடுக்கும் எச்சரிக்கைகள்.

எச்சரிக்கையின் அருமையை இழப்புகளே உணர்த்துகின்றன. 2023 ஏப்ரல் 4 அன்று, சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையருகே பனி சரிந்து, சுற்றுலாச் சென்ற எழுவர் மாண்டனர். 2025 பிப்ரவரி 28 அன்று, பத்ரிநாத்தை அடுத்த மாணா சிற்றூரில் எல்லைச் சாலை அமைப்பின் பணியாளர் 54 பேர் பனியில் புதைந்தனர். 46 பேர் மீட்கப்பட்டனர், எண்மர் மறைந்தனர். அது விடியற்காலம், ஓயாது பொழிந்த புதுப்பனியின் காலம். அத்தகைய நாளில் காலைப்பொழுதும் காவலாகாது. நாம் செல்லும் வழியைத் திறந்து வைப்போரே முதலில் இடரை ஏற்கின்றனர் என்பதை மறத்தல் தகுமோ?

இக்காலத்தில் சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் பனிச்சரிவு குறித்து முன்னறிவிப்பு வழங்குகிறது. ஆயினும், அறிவிப்பைக் கேட்டு அடங்குவது செல்வோரின் கடமை அன்றோ?

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. போர் மேற்செல்லும் வேந்தனுக்கு உரைத்த அம்முறை, பனிமலை செல்வோர்க்கும் பொருந்தும். பனியின் வலி எத்தகையது? வெயிலின் காலம் எது? நாம் நிற்கும் இடம் எச்சரிவின் கீழ் உள்ளது? மாணவர்களே! நீங்களும் ஒருநாள் இமயம் காணச் செல்லலாம். இம்மூன்றனுள் ஒன்று பொருந்தாவிடினும் திரும்பிவிடுங்கள். இரவில் வானம் தெளிந்து குளிர்ந்தால், மறுநாள் விடியலில் அதே பனி கல்லாகி உங்கள் காலைத் தாங்கக்கூடும்.