பிரிக்காமலே பார்க்கிற வித்தை

பழைய வண்டி கொஞ்சம் புகை விட்டாலே போதும், 'இன்ஜின் வேலை வந்துடுச்சு' என்று சொல்லிவிடுவார்கள். சென்னை புதுப்பேட்டையில் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுகளை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வருவதில்லை.

விழுப்புரத்திலிருந்து ஒருவர் 'குட்டி யானை' மினி லாரியில் வண்டியை ஏற்றி வந்திருந்தார். எண்பதுகளின் மாடல், 346 சிசி, வலது காலில் கியர். சிலிண்டரைப் போர் போட்டு பிஸ்டன் மாற்றியாக வேண்டும் என்று ஊர் மெக்கானிக் சொல்லிவிட்டாராம். "ஸ்டார்ட் பண்ணினா தெருவே தெரியல பாய்."

"எத்தனை நாளா ஓட்டாம நிறுத்தி வெச்சிருந்தீங்க சார்?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

பட்டறைக்கார பாய் சிரித்தார். இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. வண்டி நாள்கணக்கில் சும்மா நின்றால் ஆயில் பம்பைத் தாண்டிக் கசிந்து ஃப்ளைவீல் பக்கம் சேர்ந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து புகையும். அந்தப் புகையை வைத்து மட்டும் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே டாப்பெட் மூடியைக் கழற்றி, புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினார். தடையில்லாமல் சுழன்றது, மேலும் கீழும் ஆட்டம் இல்லை. டாப்பெட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். இதைக்கூடப் பார்க்காமல் இன்ஜினை இறக்கியவர்கள் உண்டு என்றார்.

பிறகு வண்டியை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வரச் சொன்னார். திரும்பியபோது பெரும்புகை அடங்கியிருந்தது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்துவிட்டு மறுபடி முறுக்கினால் நீலமாக ஒரு கொத்து வந்ததாம். அது வால்வு கைடு பக்கம் கை காட்டுகிறது. ஏற்றத்தில் முறுக்க முறுக்க விடாமல் நீலம் வந்தால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கறுப்பு என்றால் கார்பரேட்டரைப் பார்த்தால் போதும்.

அடுத்து இக்னிஷனை அணைத்துவிட்டுக் கிக்கர் மேல் ஏறி நின்றார். நல்ல கம்ப்ரஷன் ஓர் ஆளின் எடையைச் சற்று நேரமாவது தாங்கும். இதுவோ மெல்ல இறங்கியது. "டேய், சைலன்சர்கிட்ட காதை வை" என்றார். உஸ்ஸென்று வருகிறது என்றான் பட்டறைப் பையன். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு மீண்டும் ஏறி நின்றார். எந்த மாற்றமும் இல்லை. ரிங் தேய்ந்திருந்தால் இடைவெளியை ஆயில் அடைத்து, கம்ப்ரஷன் கூடியிருக்கும். காற்று எக்ஸாஸ்ட் வால்வு வழியாகத்தான் போகிறது.

இன்ஜின் ஓடும்போது நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கிராங்க் கேஸில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். லோடில் அடியிலிருந்து கனத்த தட்டல் வந்தால் கனெக்டிங் ராடின் பிக் எண்ட் போய்விட்டது என்று அர்த்தம். "அப்போ மட்டும் நான் பேச்சே வளர்க்க மாட்டேன் சார். முழுசா பிரிச்சுத்தான் ஆகணும்." இதில் அந்தத் தட்டல் இல்லை. வடித்த ஆயிலையும் விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். மின்னும் பொடி எதுவும் இல்லை.

பிரித்திருந்தால் அவருக்குத்தான் வருமானம். ஆனால் ஒவ்வொரு முறை போர் போடும்போதும் சிலிண்டர் சுவர் மெலிகிறது. ஓவர்சைஸ் பிஸ்டனும் சில அளவுகளோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஸ்லீவ்தான். வலியப் போய் அந்த ஆயுசைக் குறைப்பதை அவர் கெட்ட வேலை என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

ஹெட்டை மட்டும் இறக்கினார்கள். சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்; தேய்மானம் பெரிதாகத் தட்டுப்படவில்லை. போர் கேஜும் அதையே சொன்னது. கைடு மாற்றி வால்வு லேப்பிங் செய்வதோடு வேலை முடிந்தது. பிஸ்டனைத் தொடவே இல்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், கம்ப்ரஷன் பார்த்தீர்களா, ஆயில் விட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.