வீட்டு ரூட்டரும் எங்கள் தீர்ப்பும்

எங்கள் வீட்டு ரூட்டர் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் மனம்போன போக்கில் நடக்கத் தொடங்கியது. காலையில் நன்றாக இருக்கும். மாலை ஏழு மணிக்குமேல் திணறும். வாரத்தில் இரண்டு நாளேனும் விளக்குகள் எல்லாம் எரிந்தபடியே உறைந்து நிற்கும். மின்கம்பியைப் பிடுங்கி, பத்து எண்ணி, மீண்டும் செருகினால் உயிர்பெறும். கலைச்சொல் அகராதிகள் இதைத் திசைவி என்கின்றன. நல்ல சொல்தான். ஆனால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் அது ரூட்டர்; கோபம் வந்தால் 'அந்தப் பெட்டி'.

அந்த ஆண்டு எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வாரநாள் மாலைகளில் அவளுக்கு இணையவழிப் பயிற்சி வகுப்பு; ஞாயிறு மாலையில் மூன்று மணி நேர மாதிரித் தேர்வு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வின் நடுவே இணைப்பு அறுந்தது. மீண்டும் உள்ளே நுழைவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரமும் அவ்வாறே நிகழ்ந்தது.

ஆசிரியத் தொழிலில் பல ஆண்டுகள் கழித்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. நாங்கள் இருவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: பெண் படம் பார்க்கிறாள், பாட்டு இறக்குகிறாள், அதனால்தான் மாலையில் மட்டும் இணைப்புத் திணறுகிறது. "நான் ஒண்ணுமே பண்ணலப்பா" என்றாள். செய்யாதவர்கள் அனைவரும் அப்படித்தான் சொல்வார்கள். செய்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். வகுப்பு நேரத்தில் மட்டும் கொடுத்தோம். அவள் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குச் சென்று, கைப்பேசி இணைப்பிலேயே வகுப்பைக் கேட்டாள். இரவுச் சாப்பாட்டின்போது எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

இணைப்புத் தரும் நிறுவனத்திலிருந்து வந்த தம்பி கம்பியைச் சோதித்துவிட்டு, "லைன் நல்லா இருக்கு சார், ரூட்டர மாத்திருங்க" என்றார். புதிது வாங்கலாமா என்று யோசித்த வேளையில், எங்களிடம் பகுதி ஒன்று தமிழ் படித்து இப்போது மென்பொருள் துறையில் பணியாற்றும் மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். "ஐயா, அதத் தூக்கிப் போட்டுராதீங்க. பெட்டி நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்கறதுதான் பழசு" என்றார்.

உள்ளே இருப்பதை ஃபர்ம்வேர் என்கிறார்கள். கருவியின் நினைவகத்தில் பதிந்து கிடந்து அதை இயக்கும் மென்பொருள். நாங்கள் ரூட்டரை வாங்கியது 2017இல். தயாரித்த நிறுவனம் இந்த மென்பொருளைக் கடைசியாகத் திருத்தி வெளியிட்டது 2018இல். அதற்குப் பின் எங்கள் பெட்டி கைவிடப்பட்ட பிள்ளை. மாணவர் பரிந்துரைத்தது ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் மாற்று மென்பொருள்.

அதன் பிறப்புக் கதை எங்களைப் போன்ற சுவடிப் பித்தர்களுக்கு உவப்பானது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரூட்டரை வெளியிட்டது. அதனுள் லினக்ஸ் இயங்குவதை 2003இல் ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். லினக்ஸ், ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. யாரும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் அவர்கள் பெற வழிசெய்ய வேண்டும். ஆர்வலர்கள் இந்த விதியைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்கள். அந்த ஆண்டிலேயே மூலநிரல் வெளியாயிற்று. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் தொடங்கியதுதான் இந்த மாற்று மென்பொருள். அதன் பெயரிலுள்ள மூன்று எழுத்துகள் அந்தப் பழைய ரூட்டரின் நினைவாக நிற்பவை. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார். படியெடுத்துத் தந்தவர்கள் இருந்ததால்தான் ஒப்புநோக்கச் சுவடிகள் கிடைத்தன. பூட்டிய பெட்டிக்குள் ஒற்றைப் படியாக இருப்பது, உரியவர் கைவிடும் நாளில் அழிந்துபோகும்.

வேலையைத் தொடங்குமுன் மாணவர் சொன்ன முதல் எச்சரிக்கை, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்க வேண்டும் என்பது. மாடல் பெயர் மட்டும் போதாது. அதையடுத்துள்ள பதிப்பு எண்ணும் வேண்டும். ஒரே பெயரில் விற்கும் ரூட்டர்களுக்குள் பதிப்புக்குப் பதிப்பு சில்லு மாறும், நினைவகம் மாறும். ஒன்றுக்குரிய கோப்பை மற்றொன்றில் ஏற்றினால் கருவி செங்கல்லாகிவிடும் என்பார்கள். எங்களுடையது 16 எம்.பி. சேமிப்பும் 128 எம்.பி. நினைவகமும் கொண்டது, இதற்குப் போதுமானது. இறக்கிய கோப்பு பிழையின்றி வந்துள்ளதா என்று அதன் சரிபார்ப்பு எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். மெய்ப்புத் திருத்திப் பழகிய கண்களுக்கு அது பெரிய வேலையன்று.

இணைப்புக்குரிய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் 2017ஆம் ஆண்டு நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் கிடைத்தன. ரூட்டரை இன்வெர்ட்டர் வழியில் செருகினோம். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. வைஃபையை நம்பாமல் கம்பியால் கணினியோடு இணைத்தோம். பழைய நிர்வாகப் பக்கத்தில் புதிய கோப்பைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினோம். ஐந்து நிமிடம் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. விளக்குகள் அணைந்தன; ஒன்று மட்டும் சிமிட்டியது. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பெற்றோரைப்போல நாங்கள் நாற்காலி நுனியில் அமர்ந்திருந்தோம். பின்பு 192.168.1.1 என்ற முகவரியில் புதிய பக்கம் திறந்தது. அதில் வைஃபை அணைக்கப்பட்டே இருந்தது; நாமே கடவுச்சொல் வைத்து இயக்க வேண்டும்.

உறைந்து நிற்கும் நோய் அன்றோடு தீர்ந்தது. ஆனால் மாலைத் திணறல் தீரவில்லை. மூன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு, பழைய மென்பொருளில் இல்லாத ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தோம். எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது, எவ்வளவு பெறுகிறது என்று அது வரைபடமாகக் காட்டியது. மகளின் கைப்பேசி அப்போது பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. ஆனாலும் இணைப்பின் ஏற்றும் பாதை முழுவதும் நிரம்பி வழிந்தது. நிரப்பிக்கொண்டிருந்தது எங்கள் படிப்பறைக் கணினி.

எங்களிடமுள்ள பழைய சிற்றிதழ்களை அந்த மே மாதம் முதல் வருடி எடுத்து வந்தோம். படங்கள் மாலை ஆறு மணிக்குமேல் இணையச் சேமிப்பகத்துக்குத் தாமாகவே ஏறும்படி அமைத்திருந்தோம்; அந்நேரம் யாரும் கணினியைப் பயன்படுத்துவதில்லை என்ற நினைப்பு. மிகுதியாக வருடியது ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஏற்றுவதால் வகுப்பு ஏன் தடைபட வேண்டும் என்று மாணவரிடம் கேட்டோம். அவர் ரேஷன் கடை வரிசையை உவமை காட்டினார். இருபது அட்டைகளோடு ஒருவர் முன்னால் நின்றால், ஒரே அட்டையோடு வந்தவர் பின்னால் காத்துக்கிடக்க வேண்டும். கருவிகளுக்குள் இருக்கும் வரிசை அளவுக்குமீறி நீண்டிருப்பதுதான் நோய். ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் இதற்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டுப் பலரறியச் செய்தார். வரிசை நீளாமல் காக்கும் கோடெல் என்ற முறையை 2012இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்டார்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை தரும் ஏற்பாட்டோடு அது இந்த மென்பொருளில் கிடைக்கிறது. எங்கள் ஏற்றும் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட். அதை 4.5 என்று வரையறுத்தோம். படங்கள் ஏறும்போது 1,800 மில்லிவிநாடி வரை உயர்ந்த மறுமொழி நேரம் 40க்குள் அடங்கியது.

அன்றிரவு சாப்பிடும்போது மகளிடம் சொன்னோம்: தவறு உன்னுடையதன்று, எங்களுடையது. இரண்டு மாதிரித் தேர்வுகளையும், நீ மாடியில் கழித்த மாலைகளையும் எங்களால் திருப்பித் தர இயலாது. அவள் உடனே எதுவும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள். பிறகு அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நெடுநேரம் பார்த்தாள். "இதோட பாஸ்வேர்ட எங்கிட்டக் குடுங்கப்பா" என்றாள். கொடுத்தோம்.

அந்த ஓராண்டு ரூட்டரின் பொறுப்பு அவளுடையதாக இருந்தது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவளே ஏற்றினாள். 2025இல் கல்லூரி விடுதிக்குப் புறப்படுமுன், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போனாள். அவள் கைப்பேசியைப் பூட்டி வைத்திருந்த அதே அலமாரி. கடந்த முறை நாங்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் செய்தோம். மூன்றாவது வரியில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாள்: முதலில் வரைபடத்தைப் பார்க்கவும்.