காளான் என்றால் அறிவியல், கெத்தும் என்றால் கேவலம்

சைலோசைபினைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவன் நான். மனமயக்கக் காளான்களில் இருக்கும் அந்தச் சத்தை வைத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் கிரிஃபித்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, அதன்பின் உலகமெங்கும் எழுந்த ஆர்வம், 233 நோயாளிகளோடு 2022-இல் வந்த மனச்சோர்வு ஆய்வு என்று காப்பிக் கடையில் யார் மாட்டினாலும் ஒப்பிப்பேன். 25 மில்லிகிராம் ஒரே முறை எடுத்தவர்களில் நூற்றுக்கு 29 பேர் மூன்றே வாரத்தில் தேறினார்கள் என்பதை அழுத்திச் சொல்வேன். 12 வாரம் வரை பலன் நீடித்தது நூற்றுக்கு 20 பேருக்குத்தான் என்பதையும், சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததையும் மென்று விழுங்கிவிடுவேன். இத்தனைக்கும் காளானை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அதே வாயால்தான் தங்கை வீட்டுக்காரரைப் 'போதைக்காரன்' என்றேன். மாப்பிள்ளை பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறவர். கெத்தும் நீர் குடிப்பார். சிவப்பு நரம்போடிய இலையைக் கொதிக்கவைத்து வடித்த பழுப்புக் கஷாயம். பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டு விற்பார்கள். கசப்பு தாங்காமல் சிரப் கலந்துகொள்வார். ராத்திரி ஓட்டத்துக்குத் தெம்பு, இடுப்பு வலிக்கு மருந்து என்பார். மலேசியாவில் 2003-லேயே கெத்துமின் சத்தான மிட்ராகைனின் நச்சுப் பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அகப்பட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு அந்தச் சட்டம் வசதியாக இருந்தது. தீபாவளிக்கு வந்தவரை, ஹாலில் ஆபீஸ் நண்பர்கள் இருக்கிறார்கள் என்று அடுப்படிப் பக்கம் உட்கார வைத்தேன். தங்கை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் அவரே வந்தார். "மச்சான், இதை விடணும்னு பார்க்கிறேன். டாக்டர்கிட்டத் தனியா போகக் கூச்சமா இருக்கு. நீங்க வந்தா நல்லா பேசுவீங்க." வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை. கிளினிக் வாசலில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அவர் தானாகவே சட்டென்று நிறுத்திப் பார்த்தார். தசையெல்லாம் இழுத்தது, தூக்கம் போனது, கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. திரும்பக் குடித்தார். "சொன்னேன்ல?" என்றேன் தங்கையிடம்.

பிறகு வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று என்னைக் கெலுகோருக்கே கொண்டுவந்து விட்டது. என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தில், மாப்பிள்ளை குடிக்கும் அதே நீரைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். விக்னசிங்கமும் சுரேஷ் நாராயணனும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வடமாநிலங்களில் கெத்தும் குடிப்பவர்கள் 136 பேரைப் பற்றி எழுதினார்கள். ஹெராயினைக் குறைக்கவும், அதை விடும்போது வரும் அவதியைச் சமாளிக்கவும் மலிவான வழி என்று இதைப் பிடித்தவர்கள் அதில் இருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 26 ஆண்கள் பனிநீரில் கையை வைத்தார்கள். கெத்தும் குடிப்பதற்கு முன் சராசரியாக 11 விநாடி தாங்கிய கை, குடித்து ஒரு மணி நேரம் கழித்து 25 விநாடி தாங்கியது. மாப்பிள்ளை இடுப்பு வலி என்று சொன்னதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அதற்காகக் கெத்துமை அமுதம் என்று தூக்கிப் பிடிக்கவில்லை. தொடர்ந்து குடிப்பவர்கள் 293 பேரை அதே மையத்தின் தர்ஷன் சிங் குழு ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் கடுமையாக அடிமைப்பட்டிருந்தார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்கள் எழுதியதும் மாப்பிள்ளை பட்டதும் ஒன்றுதான். காளானும் கெத்துமும் மூளையில் தொடும் இடங்களும் வேறு. முன்னது செரோடோனின் ஏற்பிகளை, பின்னது ஓபியாய்டு ஏற்பிகளை. ஆனால் நான் பிரித்தது அந்தக் கணக்கில் இல்லை. ஆங்கிலத்தில் படித்தது ஆய்வு, லாரிக்காரர் குடித்தது கேடு. எனக்கு உறுத்தியது போதை அல்ல, குடித்தவரின் தரம்.

இப்போது மாப்பிள்ளை கிளினிக்குக்குப் போகிறார். கூட்டிப்போவது தங்கை. உறவில் யாராவது கேட்டால், முதுகு வலிக்கு வைத்தியம் பார்க்கிறார் என்கிறேன். அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். அதுவும் பொய். காப்பாற்றியது என் மானத்தை.